கச்சான் காற்றை முகத்தில் வாங்கி நடந்த நாள்

எங்கள் மட்டக்களப்பில் ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே காட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். கரடியனாறு. புலிபாய்ந்தகல். வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கத்துப் படுவான்கரைப் பிள்ளைகள் இந்தப் பெயர்களோடுதான் வளர்கிறார்கள். நான் எழுவான்கரைக்காரன், கடற்கரை மணலில் வளர்ந்தவன். கொழும்புக்குப் போகும்போதும் வரும்போதும் யன்னலுக்கு வெளியே பார்த்ததைத் தவிர, இருபத்தாறு வயதுவரை எனக்குக் காட்டோடு ஒரு பழக்கமும் இருக்கவில்லை. என்னை அதற்குள் கூட்டிக்கொண்டு போனவர் என் தாய்மாமன். குடும்பிமலைப் பக்கம் நெடுங்காலம் மாட்டுப் பட்டி வைத்திருந்தவர். அவருடைய தந்தை றெயில் பாதையில் தண்டவாளம் பராமரிக்கும் தொழிலாளியாக இருந்தவர். ஆகவே மாமாவுக்குப் பட்டிப் பாதையும் தெரியும், கோச்சிப் பாதையும் தெரியும். பன்னிரண்டு வருடங்களாக அவருக்குப் பின்னால் நடக்கிறேன்.

காட்டில் நேர்ந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது புணானைக் காட்டில் ஒரு பழைய றெயில் பாதையின் மண் அணையில் நடந்த சம்பவம்தான். அதைச் சொல்வதற்கு முன், அந்த அணையை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று சொல்லவேண்டும்.

காட்டுக்குள் பல வகைப் பாதைகள் இருக்கின்றன. தேன் எடுப்பவர்களின் ஒற்றையடிப் பாதை ஒரு பெரிய மரத்திலிருந்து இன்னொரு பெரிய மரத்துக்குப் போகும். பட்டிக்காரர்களின் பாதை தண்ணீரிலிருந்து தண்ணீருக்குப் போகும். மாட்டு வண்டில் பாதை பாறை வந்தால் ஒதுங்கும், சேறு வந்தால் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும், நல்ல மருத மர நிழல் இருக்கிற இடத்தில் கொஞ்சம் அகன்று கிடக்கும், ஏனென்றால் அங்கே மாடுகளை அவிழ்த்து விட்டிருப்பார்கள். கோச்சிப் பாதையின் குணம் வேறு. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் ஏற்றத்தில் வழுக்கும்; சட்டென்று திரும்பவும் முடியாது. அதனால் பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள், வளைவை நீட்டி நீட்டி எடுத்தார்கள். நிரப்புவதற்கு மண் வேண்டும். அதைப் பக்கத்திலேயே தோண்டினார்கள். ஆகவே தண்டவாளத்தைக் கழற்றி எத்தனை காலமானாலும், மரங்களுக்கு நடுவே ஒரே மட்டத்தில் ஓடும் மேடு ஒன்றும், அதன் ஓரமாக வரிசையாகக் குழிகளும் தெரிந்தால் மாமா நின்றுவிடுவார். காலால் இலைச் சருகைத் தள்ளிப் பார்ப்பார். அடியில் உடைத்த சல்லிக்கல் இருக்கும்.

மட்டக்களப்புக்கு றெயில் வந்தது 1928இல். அதற்கு முந்திய வருடங்களில் அந்தக் காட்டை ஊடறுத்து வேலை செய்தவர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். புணானைப் பகுதியில் ஆட்களைக் கொன்று தின்ற சிறுத்தை சுடப்பட்டது 1924இல். பாடம் செய்த அதன் உடலைக் கொழும்பு அரும்பொருட்காட்சியகத்தில் வைத்தார்கள். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அதைப் பார்த்தபோது, இந்தச் சிறிய மிருகமா என்று நினைத்தேன். பின்னாளில் அந்தக் காட்டில் அந்திப்பொழுதில் நின்றபோது அப்படி நினைக்க முடியவில்லை. மண் வெட்டியும் கூடையும் அலவாங்குமாக, மலேரியாக் காய்ச்சலோடு அங்கே வாடிக் குடிசை போட்டுக் கிடந்தவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் போட்ட மேடு மட்டும் கிடக்கிறது.

நாங்கள் கண்ட அணை, இப்போது றெயில் ஓடும் பாதையிலிருந்து விலகிக் காட்டுக்குள் போகும் ஒரு துண்டு. கல்லும் மண்ணும் ஏற்றிவரத் தற்காலிகமாகத் தண்டவாளம் போட்டுத் தள்ளுவண்டி ஓட்டிய பாதை என்று மாமாவின் தந்தை அவருக்குச் சொல்லியிருந்தாராம். சரியான இடத்தை எழுத எனக்கு மனம் இல்லை. எழுதினால் நாளைக்கே மோட்டார் சைக்கிள்கள் போய்விடும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: றெயில் ஓடும் தண்டவாளத்தில் நாங்கள் நடப்பதில்லை. அது சட்டவிரோதம். அதோடு, காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் வளைவில் வரும் றெயிலின் சத்தம் கடைசி நிமிடம்வரை காதில் விழாது. காட்டுக்குள் இறங்குவதற்கும் உரிய அலுவலகத்தில் சொல்லி அனுமதி பெற்றுக்கொள்வோம். தேசியப் பூங்கா எல்லைக்குள் கால்நடையாகப் போக நினைக்கவே வேண்டாம்.

ஒரு ஜூன் மாதம். நான், மாமா, அக்கரைப்பற்று நண்பர் ஒருவர். விடிய ஐந்தரைக்கு நடக்கத் தொடங்கினோம். ஆளுக்கு நான்கு லீற்றர் தண்ணீர், மூன்று சோற்றுப் பொதி, மாமாவின் காட்டுக்கத்தி, நண்பரின் கமரா. கிழக்கிலிருந்து மேற்காகப் போவதாகத் திட்டம். காலையில் காற்றே இல்லை. வீரை மரங்களில் குருவிகள் நிறைந்திருந்தன. அணை ஏறக்குறைய ஒரு வண்டில் போகிற அகலத்தில், ஆச்சரியப்படும் அளவுக்குத் துப்புரவாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் சூரை முள் அடர்ந்திருக்க, நடுவில் மட்டும் வெறும் மண். இத்தனை வருடம் யாரும் நடக்காத பாதை எப்படி இப்படித் திறந்து கிடக்கிறது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பத்து மணிக்குக் கச்சான் எழும்பியது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கச்சானைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து தரையைச் சுட்டுக்கொண்டு வரும் வறண்ட காற்று அது. மே மாதம் தொடங்கினால் ஆவணி வரைக்கும் வீசும். உதடு வெடிக்கும், குளம் வற்றும், துவைத்துப் போட்ட உடுப்பு அரை மணித்தியாலத்தில் மொரமொரவென்று காய்ந்துவிடும். மாமா மடியிலிருந்து சிறிய பையை எடுத்து, ஒரு சிட்டிகை திருநீற்றை விரலால் உதிர்த்தார். அது நேராக எங்கள் நெஞ்சில் வந்து படிந்தது.

"காற்று நம்மை நோக்கி வருகிறது. நல்லதுதானே மாமா? நம் வாடை முன்னுக்குப் போகாது" என்றேன். படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நண்பரும் தலையாட்டினார்.

மாமா சிரிக்கவில்லை. "மகன், நீ வேட்டைக்காரனா? அவரைக் கிட்டப் போய்ப் பிடிக்கப் போகிறாயா? நாம் வருவது அவருக்குத் தெரியவேண்டும். தெரிந்தால் அவர் விலகிப் போவார். இந்தக் காற்றில் அவருக்குத் தெரியாது. நாம்தான் பார்த்து நடக்கவேண்டும்" என்றார். காட்டுக்குள் அவர் யானையை யானை என்று சொல்வதில்லை. 'அவர்', 'பெரியவர்', சில நேரம் 'பிள்ளையார்'.

யானைக்குக் கண் அவ்வளவு கூர்மை இல்லை. மூக்கில்தான் அதன் உலகம் இருக்கிறது. காற்று எங்கள் முதுகிலிருந்து அடித்தால், எங்களுக்கு வெகு தூரம் முன்னாலேயே எங்கள் வேர்வை வாடை போய்ச் சேர்ந்து, அது தன்பாட்டில் ஒதுங்கிக்கொள்ளும். முகத்தில் அடித்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் அதிர்ச்சி. இந்தக் கணக்கு அன்றுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதே தவிர, பயம் வரவில்லை.

மாமா முன்னால் நடந்தார். பற்றை அடர்ந்த இடம் வரும்போதெல்லாம் நின்று, தடியால் ஒரு மரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, தொண்டையைச் செருமினார். அது கரடிக்காக. கரடிக்குக் கண்ணும் மந்தம், காதும் மந்தம். புற்றைக் கிண்டிக் கறையானை உறிஞ்சத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் வந்து நிற்கும்வரை ஆள் வருவது தெரியாது. தெரிந்த கணத்தில் அதற்கு ஓடத் தோன்றாது, முகத்தைத்தான் பிடுங்கும். 

பதினொன்றரை மணியளவில் அணை ஒரு மேட்டுக்குள் நுழைந்தது. பாதை போட்டவர்கள் மேட்டைப் பிளந்து வெட்டிய இடம். இரு பக்கமும் என் தலைக்கு மேலே ஓரடி உயரத்துக்கு மண் சுவர், அதில் பாலை மர வேர்கள் வடம்போலத் தொங்கின. நீளம் அறுபது எழுபது மீற்றர் இருக்கும். வாசலில் மாமா நின்றார். மறுபடி திருநீற்றுப் பையை எடுத்தார். அந்த நேரத்தில்தான் உள்ளே தரையில் ஒரு இரும்புத் துண்டு என் கண்ணில் பட்டது. தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்துவைக்கும் ஆணி. தலை ஒரு பக்கம் வளைந்து, துருவேறி, பாதி மண்ணுக்குள். அந்தப் பாதையில் நாங்கள் கண்ட முதல் இரும்பு அதுதான். நான் மாமாவைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். முப்பது அடி இருக்கும். குனிந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தது வாடை. மாட்டுத் தொழுவத்தின் வாடை, ஆனால் கொஞ்சம் புளிப்பு. பிறகு ஒரு சத்தம்: தூரத்தில் லொறி ஒன்று ஏற்றத்தில் திணறுவது போல, காதைவிட நெஞ்சுக்கு முதலில் கேட்ட சத்தம். தலையை நிமிர்த்தினேன். வெட்டின் அடுத்த வாசலை அடைத்துக்கொண்டு ஒரு அலியன், கொம்பில்லாத ஆண் யானை, நின்றது. தனியன். சேற்றில் புரண்டு காய்ந்த செம்மண் நிறம். காதுகள் அசைவதை நிறுத்தியிருந்தன.

அது எங்களை மணக்கவில்லை. தும்பிக்கையை உயர்த்தி, நுனியை இப்படியும் அப்படியும் வளைத்துக் காற்றில் தேடியது. கச்சான் அதன் முதுகுப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. அதற்குக் கிடைக்க ஒன்றும் இல்லை. எதிரே ஏதோ ஒன்று இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை. அதன் குழப்பத்தை நான் கண்ணால் கண்டேன். இதை எழுதும்போதும் கை வேர்க்கிறது.

"ஓடாதே. முதுகைக் காட்டாதே. என் குரலுக்கு வா" என்றார் மாமா. மெதுவாகத்தான் சொன்னார். பிறகு குரலை உயர்த்தினார். கத்தவில்லை. திண்ணையில் இருக்கும் பெரிய மனிதரோடு முற்றத்தில் நின்று கதைக்கிற குரல். "ஐயா, நாங்கள் மூன்று பேர். உங்கள் வழியில் வந்துவிட்டோம். இதோ ஒதுங்குகிறோம். நீங்கள் போங்கள்." அதையே மூன்று நான்கு தடவை, ஒரே நிதானத்தில் சொன்னார். நான் ஒவ்வோர் அடியாகப் பின்னுக்கு வைத்தேன். யானை இரண்டு அடி முன்னுக்கு வந்தது, காதுகளை விரித்தது, நின்றது, மண்ணை அள்ளித் தன் தோளில் போட்டது. மனிதர் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அந்தக் குரல்தான் அன்று எங்கள் வாடைக்குப் பதிலாகப் போனது.

மாமாவின் கை என் சட்டையைப் பிடித்து இழுத்தது. வேரைப் பற்றி மூன்று பேரும் மேலே ஏறினோம். கமராப் பை கீழே விழுந்தது. யாரும் எடுக்கப் போகவில்லை. மேலே இருபது அடி தள்ளி ஒரு முதிரை மரத்துக்குப் பின்னால் நின்றோம். அது வெட்டுக்குள் நடந்து வந்தது. அவ்வளவு பெரிய உடம்பின் காலடிச் சத்தம் சருகில்கூடக் கேட்கவில்லை. பையைத் தும்பிக்கையால் ஒரு தடவை தொட்டது, ஊதியது, விட்டுவிட்டது. எங்களுக்குக் கீழே கடந்து, நாங்கள் வந்த பக்கமாகவே அணையில் ஏறிப் போய்விட்டது.

நண்பர் உட்கார்ந்து அழுதார். நான் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்க முடியாமல் இருந்தேன். அதன் கன்னத்தில் மதநீர் வழியவில்லை என்பதைத்தான் தான் முதலில் பார்த்ததாக மாமா பிறகு சொன்னார். மதம் வழிந்திருந்தால் கதைத்துப் பயனில்லையாம்.

கீழே இறங்கினோம். ஆணி கிடந்த இடத்தில் தாம்பாளம் அளவு கால்தடம். மாமா துவாயைச் சுற்றி முன்கால் தடத்தின் விளிம்பை அளந்தார்: நாலடிக்குச் சற்று மேல். அதை இரட்டித்தால் தோள் உயரம் வரும் என்பது காட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எட்டடி யானை. ஆணி மண்ணுக்குள் அழுந்திப் போயிருந்தது. எடுக்க மனம் வரவில்லை.

அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். பழைய லத்தி, நேற்றைய லத்தி, அதிகாலை லத்தி. ஒன்றில் விளாத்திக் கன்று முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. வெட்டின் சுவரில் என் தோளுக்கு மேலே ஓரிடம் தேய்ந்து மினுங்கியது. தலைமுறையாக உடம்பைத் தேய்த்துத் தேய்த்து வந்த மினுக்கம். தள்ளுவண்டிக்காரர்கள் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போன பிறகு, மட்டமான வழியும் பக்கத்துக் குழிகளில் தேங்கும் மழைத் தண்ணீரும் யாருக்கு வாய்த்ததோ, அவர்கள்தான் இத்தனை காலமும் அந்தப் பாதையைத் துப்புரவாக வைத்திருக்கிறார்கள். கைவிடப்பட்ட பாதை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு நடந்த பாதை ஒரு நாளும் கைவிடப்படவில்லை.

2025 பெப்ரவரியில் இதே மட்டக்களப்புப் பாதையில், ஹபரணைக்கு அருகே, விடியுமுன் பயணிகள் றெயில் மோதி ஆறு யானைகள் இறந்தன. செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. றெயில் பாதை யானைக்கு ஏன் பிடிக்கிறது என்பதைக் காலால் நடந்து அறிந்தவன் நான். மட்டமான தரை, ஓரத்தில் வெட்டிவிட்ட இடத்தில் இளம் புல், குழியில் தண்ணீர். உயர்ந்த அணையிலோ வெட்டுக்குள்ளோ நிற்கும்போது வெளிச்சம் பாய்ந்து வந்தால், அது பக்கவாட்டில் இறங்க வழி இல்லாமல் தண்டவாளத்தோடேயே ஓடுகிறது. எங்களுக்கு அன்று வேரைப் பிடித்து ஏற இடம் இருந்தது. யானை அடிக்கடி கடக்கும் இடங்களில் வேகத்தைக் குறைப்பதும், அணைச் சரிவைச் சாய்வாக வெட்டி இறங்குவழி விடுவதும், ஓரக் குழிகளை மூடிவிட்டுத் தண்ணீரைத் தள்ளி வைப்பதும் செய்யக்கூடிய வேலைகள்தான்.

கரடியைப் பற்றி அக்கரைப்பற்று நண்பரின் அனுபவத்தையும் சொல்லவேண்டும். அம்பாறை மாவட்டத்தின் தெற்கே, பொத்துவிலுக்கு மேற்குப் பக்கத்துக் காட்டில், பாலைப்பழக் காலம். அந்த நாட்களில் பாலை மரத்தடியில் நிற்பவர் தரையைப் பார்த்தால் போதாது, மேலேயும் பார்க்கவேண்டும். வழிகாட்டி வந்த முதியவரின் இடது கன்னத்தில் கண்ணோரத்திலிருந்து தாடை வரை இழுபட்ட தழும்பு. இளவயதில் தேன் எடுக்கப் போய் வாங்கியது. அவர் ஒரு மரத்தடியில் சட்டென்று நின்று கையை விரித்தார். மரத்தில் பட்டை உரிந்து, புதிய நகக் கீறல். மேலே கிளை ஆடியது. கரடி மரத்திலிருந்து இறங்கும்போது பின்பக்கமாகத்தான் இறங்கும். அது அப்படி இறங்கத் தொடங்கியபோது, இவர்கள் சத்தமில்லாமல் பின்வாங்கி, தூரமான பிறகுதான் கதைத்தார்கள். மரத்தில் இருக்கும் கரடியிடம் செருமக் கூடாதாம். பயந்தால் கையை விட்டுத் தலையில் விழுந்துவிடும் என்று முதியவர் சொன்னாராம். தரையில் செருமல், மரத்தடியில் மௌனம். 

என் அம்மம்மா எந்தக் காட்டு நடைக்கும் வந்தவர் இல்லை. ஆனால் ஏழு தடவை கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போனவர். உகந்தையில் முருகனைக் கும்பிட்டுக் காட்டுக்குள் இறங்கி, கும்புக்கன் ஆற்றைக் கடந்து, நாவலடி, வியாழை என்று நாட்கணக்காக நடக்கும் பாதை அது. ஆற்று மணலில் கையால் ஊற்றுத் தோண்டிக் குடித்த கதையைத்தான் அதிகம் சொல்வார். நான் யானைச் சம்பவத்தைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "அதுக்குத்தானே மகன் அடிக்கொரு தரம் அரோகரா சொல்கிறோம்" என்றார். ஆண்டவனுக்கும் கேட்கும், காட்டுக்கும் கேட்கும்.

ஒரு விஷயம் இளையவர்களுக்காக. எங்கள் தலைமுறை பாதையை விட்டு ஓரடி விலகவும் பயந்தது யானைக்காக அல்ல, மிதிவெடிக்காக. மட்டக்களப்பு மாவட்டம் மிதிவெடி அகற்றப்பட்டதாக 2017 ஜூனில் அறிவிக்கப்பட்டது. அதற்காகத் தரையை அங்குலம் அங்குலமாகக் கிளறிய ஆண்களும் பெண்களும் இல்லாவிட்டால், நான் இன்று சருகைக் காலால் தள்ளிச் சல்லிக்கல் தேட முடியாது. அப்படி இருந்தும், அறியாத இரும்பு எதையும் கையால் தூக்காதீர்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இரண்டு வருடம் மாமா என்னை அந்த அணைக்குக் கூட்டிப் போகவில்லை. கடந்த ஜூனில் அவரே கேட்டார். இப்போது முழங்கால் நோவு. ஆறு தடவை உட்கார்ந்து எழும்பித்தான் நடந்தார். ஆனால் இந்த முறை வெலிக்கந்தைப் பக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மேற்கிலிருந்து கிழக்காக நடந்தோம். கச்சான் முதுகைச் சுட்டுத் தள்ளிக்கொண்டே வந்தது. திருநீறு எங்களுக்கு முன்னால் பறந்தது.

வெட்டை அடைந்தபோது மணி ஒன்று. ஒரு உயிரையும் காணவில்லை. உள்ளே தரையில் ஒரு லத்தி. மாமா புறங்கையை அதன்மேல் பிடித்துப் பார்த்து, என் கையையும் இழுத்து வைத்தார். சூடு ஆறவில்லை. தடங்கள் வெட்டின் நடுவரை வந்து, அங்கே ஒரே இடத்தில் பல தடவை மிதித்து நின்று, பிறகு திரும்பி வந்த வழியாலேயே வெளியே போய், வடக்குப் பற்றைக்குள் இறங்கியிருந்தன. முறிந்த கொப்பிலிருந்து பால் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

மாமா அந்தப் பக்கம் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சோற்றுப் பொதியை அவிழ்க்கச் சொன்னார். அங்கே அல்ல, அணையைத் தாண்டி, நிழலுக்குப் போய்.